வானத்தில் நட்ட கல்

2001 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து ஜகார்த்தா கிளம்பிய விமானத்தில் ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கினேன். இறக்கைக்கு மேலே வேண்டாம், பின்னால் தள்ளி இருந்தால் நல்லது என்றும் சொன்னேன். சட்டைப் பையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் நிற ஜி.பி.எஸ். கருவி இருந்தது. இரண்டு பென்டார்ச் செல் போட்டால் ஒரு நாள் முழுக்க ஓடும். அதில் வரைபடம் கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது. நான் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் எண்ணாகச் சொல்லும். அந்த எண்களை ஊராகவும் கடலாகவும் ஆக்குவது என் வேலை. அதற்காக அட்லஸிலிருந்து நகலெடுத்த ஒரு தாளில் பென்சிலால் கட்டம் போட்டு மடியில் வைத்திருந்தேன்.

விமானத்தில் ஏறியதுமே பணிப்பெண்ணிடம் கருவியைக் காட்டிக் கேட்டேன். அப்போது இதற்கு ஒரே விதி இல்லை. சில விமானங்களில் இருக்கைப் பையில் இருக்கும் இதழின் கடைசிப் பக்கத்திலேயே ஜி.பி.எஸ். கருவி கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் மேலே ஏறிய பிறகு மடிக்கணினி மாதிரி இதையும் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கருவி எதையும் அனுப்புவதில்லை, வானொலிப் பெட்டி மாதிரி வாங்க மட்டும்தான் செய்யும். ஆனால் வாங்குகிற கருவிக்குள்ளும் ஒரு மின் அலைச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். அதன் கசிவு விமானத்தின் கருவிகளைக் குழப்பிவிடக் கூடாது என்று அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. அதனால் கேட்காமல் நான் ஒருநாளும் அதைப் போட்டதில்லை. அந்தப் பெண் கருவியை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். திரும்பி வந்து, "கேப்டன் சரி என்கிறார். இறங்கும்போது அணைத்துவிட வேண்டும். இது என்ன வேகம் காட்டுகிறது என்று அவருக்கும் தெரிய வேண்டுமாம்" என்றார்.

விமானத்தின் அலுமினிய உடம்புக்குள் செயற்கைக்கோள் அலை நுழையாது. ஜன்னல் ஒன்றுதான் வழி. அதிலும் பாதி வானம்தான் தெரியும். கருவியை ஜன்னல் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்; விரல் நுனி சில்லிட்டுப் போகும். திரையில் வெறும் கோடாக நிற்கும் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுக்கும். மூன்று கறுத்தால் இடம் தெரியும், நாலாவது கறுத்தால் உயரமும் தெரியும். சாங்கி விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவரோரம் நின்று முன்கூட்டியே ஒருமுறை பிடித்து வைத்திருந்ததால் அன்றைக்கு ஒரு நிமிஷத்துக்குள் நாலும் கறுத்தன. மணிக்கு 846 கிலோமீட்டர். காகிதக் கைக்குட்டையில் எழுதி முன்னால் அனுப்பினேன். அதே காகிதம் 456 நாட், அதாவது மணிக்கு 456 கடல் மைல், என்ற எண்ணோடு கேப்டனிடமிருந்து திரும்பி வந்தது. கணக்குப் போட்டேன். இரண்டுக்கும் இடையில் ஒரு நாட்தான் வித்தியாசம்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு 150 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது; ஜகார்த்தா தெற்கே ஆறு பாகை தாண்டி. நடுவில் எங்கோ ரேகையைக் கடக்க வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எட்டு வினாடிக்கு ஒரு நிமிடம் கழிந்தது. ஐந்து, நாலு, மூன்று. கீழே பச்சைக் கடலில் லிங்கா தீவுகள் சிதறிக் கிடந்தன. திரை வினாடிக்கு ஒருமுறைதான் மாறும் என்பதால் முழுப் பூஜ்யம் கண்ணில் படவில்லை. வடக்கைக் குறிக்கும் 'என்' எழுத்தோடு பூஜ்யம் தசம் பூஜ்யம் ஒன்பது என்று நின்றது, அடுத்த துடிப்பில் 'எஸ்' ஆகிவிட்டது. பூமியின் தென்பாதிக்குள் நான் அன்றுதான் முதன்முதலாக வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாவாக்காரப் பெரியவர் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஜன்னலில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை.

அன்றிரவு ஜகார்த்தாவிலிருந்து அப்பாவுக்குப் போன் பண்ணினேன். பூமத்திய ரேகையைத் தாண்டினதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி, "எந்தக் கல்லுலேருந்துடா அளந்தே?" என்பது.

என் அப்பா தஞ்சாவூர் ஜில்லாவில் நில அளவைத் துறையில் செயின்மேனாக இருந்தவர். சர்வேயர் அல்ல. சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கிறவர். 66 அடி நீளமும் 100 கண்ணியும் கொண்ட இரும்புச் சங்கிலி. அறுப்பு முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும் சித்திரை, வைகாசியில்தான் அவருக்கு வேலை நெருக்கும். வரப்போரத்தில் புதைந்த சர்வே கல்லைத் தேடி, மண்ணை விலக்கி, தலையில் கொத்தியிருக்கும் குறியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அங்கிருந்து சங்கிலியை இழுப்பார்கள். கல் இருந்தால் தகராறு அரை நாளில் தீரும். கல் இல்லாவிட்டால் மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும். எவனாவது ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் பெயர்த்து இரண்டு முழம் தள்ளி நட்டிருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் நாளில் அப்பா சாப்பிட மாட்டார். "கல்லு ஒருத்தன் சொத்து இல்லடா. அதை வச்சுத்தான் நாலு பக்கத்துக்காரனும் அளக்கிறான். அதை அசைச்சவன் நாலு பேர் சோத்துலயும் மண்ணைப் போடுறான்" என்பார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

சென்னையில் விமானம் ஏறும்போதெல்லாம் பரங்கிமலையைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். 1802இல் வில்லியம் லாம்ப்டன் அந்த மலையடியில் தொடங்கிப் பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளக் கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்து இமயமலை வரைக்கும் கொண்டுபோன பெரிய அளவைக்கு ஆரம்பம் அந்தக் கோடுதான். 1808இல் அரை டன் கனமுள்ள அவருடைய தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டி நேராக்கினார். அந்தச் சங்கிலியைத் தூக்கி வெயிலில் நடந்தவர்கள் அப்பா மாதிரி ஆட்கள்தான். ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது அந்த மலை கண்ணில் பட்டால், எங்கள் வீட்டு விஷயம் எதையோ பார்த்த மாதிரி இருக்கும்.

1998இல், துறைமுக வேலை ஒன்றில் நான் இளநிலைப் பொறியாளராக இருந்தபோது, முதன்முதலாக ஒரு ஜி.பி.எஸ். கருவியைக் கையில் எடுத்தேன். இரவல் கருவி. மொட்டை மாடியில் மேஜைமேல் வைத்து அரைமணி நேரம் எண்களைக் குறித்துக்கொண்டே இருந்தேன். மேஜை அசையவில்லை, எண்கள் நடந்தன. தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் மேஜை சாலையைத் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்பியிருந்தது. கருவியில் கோளாறு இல்லை. அமெரிக்க ராணுவம் தன் எதிரிகளுக்குப் பயன்படக் கூடாது என்று செயற்கைக்கோள் அனுப்பும் நேரத்திலேயே வேண்டுமென்று பிழையைக் கலந்திருந்தது. பொதுமக்களுக்கு நூறு மீட்டர் வரை தவறும். 2000 மே மாதம் 2ஆம் தேதி, இந்திய நேரப்படி காலை ஒன்பதரை மணி அளவில், அமெரிக்க அதிபர் கிளின்டன் உத்தரவுப்படி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். உலகம் முழுவதும் கையிலிருந்த கருவிகள் எல்லாம், ஒரு திருகும் மாற்றாமல், ஒரே நிமிஷத்தில் பத்து இருபது மீட்டருக்குள் சரியாகிவிட்டன.

எந்தக் கல் என்று கேட்ட அப்பாவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருபத்து நாலு செயற்கைக்கோள் சுற்றுகின்றன என்றும், ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது, அது தன் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே போகும் என்றும், அந்தக் குரல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது என்றும் சொன்னேன். அந்த வேகத்திலும் உயரத்திலும் கடிகாரம் பூமியில் ஓடுவதைவிட நாளுக்கு 38 மைக்ரோ வினாடி முன்னால் ஓடும், ஐன்ஸ்டைன் கணக்கை வைத்து அதையும் முன்னதாகவே திருத்தி அனுப்புகிறார்கள், திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் தப்பிவிடும் என்றேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "அப்போ அதுவும் கல்லுதானே? வானத்துல நட்டிருக்கான். சரி. இவ்வளவு ஒழுங்கா நட்டவன், அதை எதுக்கு முன்னாடி அசைச்சு வச்சிருந்தான்?"

அடுத்த விடுமுறையில் மஞ்சள் கருவியை ஊருக்குக் கொண்டுபோனேன். எங்கள் வயலின் தென்மேற்கு மூலைக் கல்மேல் வைத்தேன். அந்த நாளில் எங்கள் ஊரின் அட்ச தீர்க்கம் சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைக்குமான அரசு வரைபடத் தாள்கள் எல்லாம் கட்டுப்பாட்டில் இருந்தன. கடையில் விற்க மாட்டார்கள். 2005இல் வந்த வரைபடக் கொள்கைதான் அதைத் தளர்த்தியது. 2021 பிப்ரவரியில் இன்னும் நிறையக் கதவுகள் திறந்தன. அதற்கு முன்னால், நாற்பது வருஷம் அந்த மண்ணை அளந்த அப்பாவுக்கே தான் நிற்கும் இடம் உலகத்தில் எங்கே என்று எண்ணாகத் தெரியாது. புல வரைபடத்தில் இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு எத்தனை கண்ணி என்று தெரியும். அதற்கு வெளியே போக வழியில்லை. கருவி வடக்கு பத்துப் பாகை, கிழக்கு எழுபத்தொன்பது பாகை என்று தொடங்கி மூன்று தசமம் வரை காட்டியபோது அவர் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். வெட்ட வெளிச்சம், ஒன்றும் தெரியாது.

"இப்ப தலைக்கு மேல எத்தனை கல்லு இருக்கு?"

"எட்டுப்பா."

"எட்டும் சொல்றது ஒத்துப்போகுதா?"

"போகுதுப்பா."

"அப்ப சரி" என்றார். அந்த இடத்தை ஆங்கில எழுத்தில் 'வீடு' என்று பெயரிட்டுக் கருவியில் சேர்த்தேன். ஆறு எழுத்துதான் கொள்ளும்.

அதற்குப் பிறகு எந்த வெளிநாட்டுக்குப் போனாலும், இறங்கின முதல் நாள் திறந்த வெளி ஒன்றைத் தேடிப் போய் 'வீடு' என்பதைத் தேர்ந்தெடுத்து அம்புக்குறி எங்கே திரும்புகிறது என்று பார்ப்பேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அணைத்துவைத்த கருவியைப் புதிய ஊரில் போட்டால் அது திணறும். எந்தெந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்று பழைய ஊரின் கணக்கை வைத்துக்கொண்டு தேடும். முழு அட்டவணையும் புதிதாக இறங்கப் பன்னிரண்டரை நிமிஷம் பிடிக்கும். பூங்கா பெஞ்சில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த நிமிஷங்கள் எனக்குப் பிடித்தமானவை. சிங்கப்பூரில் அம்பு வடமேற்கே திரும்பி 2,900 கிலோமீட்டருக்குச் சற்று மேல் காட்டும். 2003இல் லண்டனில் பார்த்தபோது 8,300 கிலோமீட்டர். திசை 92 பாகை. நேர் கிழக்கு.

நான் நம்பவில்லை. தஞ்சாவூர் லண்டனுக்கு எவ்வளவு தெற்கே இருக்கிறது! அம்பு தென்கிழக்கே அல்லவா காட்ட வேண்டும்? அன்று மாலை ஒரு புத்தகக் கடையில் உலக உருண்டையின் மேல் நூலைப் பிடித்துப் பார்த்தேன். லண்டனில் ஒரு முனை, தஞ்சாவூரில் ஒரு முனை. இழுத்துப் பிடித்தால் நூல் கிழக்கே கிளம்பி, மெல்ல மெல்லத் தெற்கே வளைந்து வந்து சேர்ந்தது. உருண்டையின் மேல் அதுதான் நேர்வழி. சுவரில் மாட்டின தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நாற்பது வயது வரை வீட்டின் திசையைத் தப்பாக மனசில் வைத்திருந்தேன். லண்டனில் இருந்த மூன்று வாரமும், காலையில் சூரியன் வரும் பக்கம்தான் ஊர் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. என் கைப்பேசி இதைச் சொல்லாது. அதற்குச் சாலை வழி தெரியும், விமான வழி தெரியும். ஓர் ஆள் வெறுமனே நின்று, வீடு எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு அதில் பொத்தான் இல்லை.

அந்தப் பயணத்தில்தான் கிரீன்விச்சுக்குப் போனேன். 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு உலகத்தின் பூஜ்யத் தீர்க்கரேகை என்று ஏற்றுக்கொண்ட கோடு அந்த வானாய்வகத்தின் முற்றத்தில் பதித்திருக்கிறது. ஒரு காலை கிழக்கிலும் ஒரு காலை மேற்கிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. நானும் நின்றேன். என் முறை வந்ததும் கருவியைக் கோட்டின் மேல் பிடித்தேன். பூஜ்யம் வரவில்லை. மேற்கு, பூஜ்யம் தசம் பூஜ்யம் எட்டு எட்டு நிமிடம் என்றது. பத்து நிமிஷம் காத்திருந்தும் அதே எண்தான். பிறகு வெளியே வந்து பூங்காவில் கிழக்குப் பார்த்து நடந்தேன். நூறு மீட்டர் தள்ளி, ஒரு நடைபாதையோரப் புல்லில், எல்லாம் பூஜ்யமாக நின்றது. அங்கே கோடும் இல்லை, பலகையும் இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் என்னைக் கடந்து போனார்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் காலத்துல அவங்க எதை வச்சு மட்டம் பார்த்தாங்க? தூக்குக் குண்டுதானே? குண்டு எல்லா எடத்துலயும் நேரா தொங்காது. பெரிய மலை பக்கத்துல இருந்தா அந்தப் பக்கம் சாயும்னு எங்க சர்வேயர் ஐயா சொல்லுவாரு." அவர் சொன்னதுதான் விடை. 1850களில் அந்தக் கோட்டைக் குறித்த வானியலாளர் ஏரி (Airy) என்பவரின் தொலைநோக்கியைப் பாதரசக் குளத்தைப் பார்த்து, அதாவது அந்த இடத்தின் ஈர்ப்பு சொன்னபடி, நிமிர்த்தி வைத்தார்கள். பூமிக்குள் பாறையின் அடர்த்தி சமமாக இல்லாததால் கிரீன்விச்சில் தூக்குநூல் பூமியின் நடுவைச் சரியாகச் சுட்டுவதில்லை. செயற்கைக்கோள்கள் பூமியின் நடுப்புள்ளியிலிருந்து கணக்கிடுகின்றன. அந்தச் சிறு சாய்வுதான் தரையில் 102 மீட்டர். 2015இல் ஆய்வாளர்கள் இதை விரிவாகக் கணக்குப் போட்டு வெளியிட்டபோது அப்பா இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தின செயின்மேன் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன விடை என்று அந்தச் செய்திக்குப் பக்கத்தில் என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

எல்லாப் பயணமும் இப்படி இனிமையாக இருக்கவில்லை. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு விமானத்தில் ஜன்னலோடு எதையோ அழுத்திக்கொண்டு எண்களைக் குறிக்கும் ஆளைப் பக்கத்து இருக்கைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை பணியாளர் வந்து, அனுமதி கொடுத்த பிறகும், தயவுசெய்து உள்ளே வைத்துவிடுங்கள் என்றார். வைத்துவிட்டேன். ஒரு விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரிகள் பேட்டரி மூடியைத் திறந்து, சேமித்த இடங்களை ஒவ்வொன்றாகப் படித்து, 'வீடு' என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் கேட்டார்கள். ஒரு சர்வே கல் என்ற பதிலை அவர்களுக்குப் புரியவைப்பது சுலபமாக இல்லை. சில நாடுகளுக்கு அதை எடுத்துப் போகவே முடியாது. எகிப்தில் 2009 வரை பொதுமக்கள் ஜி.பி.எஸ். வைத்திருக்கத் தடை, கைப்பேசியில்கூட அதை நீக்கித்தான் விற்றார்கள். சீனாவில் வரைபடங்களையே சட்டப்படி சில நூறு மீட்டர் வளைத்து வெளியிடுகிறார்கள். கருவி சொல்லும் எண்ணை அப்படியே அங்கத்திய வரைபடத்தில் வைத்தால் ஆற்றங்கரையில் நிற்கிறவன் ஆற்றுக்குள் இருப்பான்.

ஆனால் இந்தக் கருவி என் சட்டைப் பைக்கு வந்ததே ஒரு விமானத்தால்தான். 1983 செப்டம்பர் 1ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோல் போன கொரிய விமானம் 007, தானியங்கி ஓட்டம் சரியான வழிகாட்டலோடு இணையாததால், மணிக்கணக்கில் பாதை விலகிப் போய்ச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. சகலின் தீவருகே போர் விமானம் அதைச் சுட்டது. 269 பேர் இறந்தார்கள். தாங்கள் வழி தவறிவிட்டோம் என்று ஓட்டிகளுக்குக் கடைசி வரைக்கும் தெரிந்திருந்ததாகத் தெரியவில்லை. அந்த மாதமே அமெரிக்காவின் ரீகன் அரசு, ஜி.பி.எஸ். தயாரானதும் உலகத்தின் எல்லா விமானங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஜன்னலில் கருவியைப் பிடித்தபோதெல்லாம் இதை நினைத்ததாகச் சொன்னால் அது பொய். ஆனால் இரவு விமானத்தில், எல்லாரும் தூங்கும்போது, கீழே ஒரு விளக்கும் இல்லாத இருட்டில் எண்கள் ஓடுவதைப் பார்க்கையில் சில சமயம் நினைத்திருக்கிறேன்.

இப்போது ஒருவரும் எதையும் ஜன்னலில் பிடிக்க வேண்டியதில்லை. 2013 கடைசியில் அமெரிக்காவில் விதி தளர்ந்தது, அடுத்த வருஷம் இந்தியாவிலும். ஏறியதிலிருந்து இறங்கும் வரை கைப்பேசியைப் போட்டுவைக்கலாம். விமான முறையில் வைத்தாலும் அதற்குள்ளிருக்கும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஏனென்றால் அது வாங்க மட்டும்தான் செய்கிறது. எதிரே இருக்கும் திரையில் விமானத்தின் படம் மாவட்ட அகலத்துக்கு நகர்கிறது. கீழே உண்மையான மலை போகும்போது ஜன்னல் திரைகளை மூடச் சொல்கிறார்கள், திரைப்படம் பார்க்கிறவர்களுக்குக் கூசுகிறதாம். எனக்கு இது பெரிய இழப்பு. பட்டப்பகலில் காகஸஸ் மலைக்கு மேல் இருட்டறையாகப் பறந்திருக்கிறோம்.

இன்னொரு மாற்றமும் உண்டு. மஞ்சள் கருவி நான் எங்கே இருக்கிறேன் என்பதை எனக்கு மட்டும் சொன்னது. கைப்பேசி அதை எல்லாருக்கும் சொல்கிறது. லண்டனில் இருக்கும் என் மகள் சென்னையில் நான் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று பார்த்துவிடுவாள். "அப்பா, மருந்துக் கடைக்கா போறீங்க?" என்று கேட்பாள். அவளுடைய அக்கறை எனக்கு வேண்டும். ஆனால் யார் யாரோ அதே புள்ளியைப் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். அப்பா காலத்தில் கல்லை வைத்து மனுஷன் நிலத்தை அளந்தான். இப்போது கல் என்னை அளக்கிறது.

2024 ஜனவரி முதல் வாரம் மகள் வீட்டிலிருந்து திரும்பினேன். வளைகுடாவில் மாறுகிற விமானம். துருக்கியைத் தாண்டிய பிறகு பழைய பழக்கத்தில் கைப்பேசியை ஜன்னலில் வைத்தேன். லண்டன் வழியில் எந்தப் பக்க ஜன்னல் என்பதுகூடப் பழைய கணக்குத்தான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் பாதை பூமியின் நடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்ந்தது, துருவத்துக்கு மேல் அவை போவதில்லை, அதனால் வட நாடுகளில் தெற்கு பார்த்த ஜன்னலுக்குத்தான் நிறையக் கோள் தெரியும். நீலப் புள்ளி சரியாக நகர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. அடுத்த கணம் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வேறொரு நாட்டின் விமான நிலைய ஓடுபாதையில் நின்றது. வேகம் பூஜ்யம். வெளியே மேகத்துக்கு மேல் பறந்துகொண்டிருக்கிறோம்.

படித்திருந்தேன். பார்த்தது அன்றுதான். 2023 செப்டம்பரிலிருந்து அந்த வான்வெளியில் பயணிகள் விமானங்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. போரில் இருக்கும் தரப்புகள் ஆளில்லா விமானங்களையும் ஏவுகணைகளையும் திசைதிருப்ப, செயற்கைக்கோள் பேசுகிற மாதிரியே பொய்யாகப் பேசும் அலைகளைத் தரையிலிருந்து அனுப்புகிறார்கள். உண்மையான குரல் 20,200 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீட்டு விளக்கின் சக்தியோடு கிளம்பி வருவது. அதைவிட உரக்கப் பேச எவனாலும் முடியும். அந்த முதல் மாதத்திலேயே சில விமானங்களின் வழிகாட்டும் கருவிகள் மொத்தமாகக் குழம்பி, நாங்கள் எந்தப் பக்கம் போகிறோம் என்று ஓட்டிகள் தரைக் கட்டுப்பாட்டிடம் கேட்டு வாங்கி ஓட்டினார்கள். ஒரு விமானம் அனுமதியில்லாமல் ஈரானுக்குள் நுழையும் நிலைக்குப் போனது. 269 பேரின் சாவுக்குப் பிறகு, இனி ஒரு விமானமும் வழி தவறிப் பிறர் எல்லைக்குள் போகக் கூடாது என்று பொதுவில் நட்ட கல் அது. அதைத்தான் பெயர்க்கிறார்கள். எனக்கு உடம்பு நடுங்கியது. பணிப்பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அப்பா ஏன் அந்த நாட்களில் சாப்பிட மாட்டார் என்று அறுபது வயதில், அந்த இருக்கையில், எனக்குப் புரிந்தது. இருபது நிமிஷம் கழித்து நீலப் புள்ளி ஒன்றும் நடக்காத மாதிரி வந்து சேர்ந்துகொண்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பா 2009இல் போய்விட்டார். நிலத்தைத் தம்பி பார்க்கிறான். மஞ்சள் கருவி பல வருஷமாக அலமாரியில் கிடந்தது. பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டித் துடைத்து, புதுச் செல் போட்டு, பையில் வைத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்து மத்தியானம் இரண்டு பேரும் வரப்பில் நடந்தோம். பயிர் கதிர் பிடித்துச் சாய்ந்திருந்தது. தென்மேற்கு மூலையில் கோரைப் புல்லை விலக்கிக் கல்லைத் தேடி எடுத்தோம். தம்பி துண்டை வாய்க்காலில் நனைத்துக் குறியைத் துடைத்தான். கருவியை அதன்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

"என்னண்ணே, இன்னமும் வேலை செய்யுதா?"

'வீடு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தூரம்: 4 மீட்டர்.

"செய்யுது. இடம் சரியா இருக்கு. தேதிதான் தப்பா காட்டுது."

இந்தச் செயற்கைக்கோள்கள் வாரத்தை எண்ணுவது 1,024 வரைக்கும்தான். அதற்குமேல் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அப்படி ஒருமுறை திரும்பியது. புதிய கருவிகளுக்கு அது தெரியும். இதற்குத் தெரியாது. அதனால் இன்றைய தேதியிலிருந்து சரியாக 1,024 வாரம் பின்னால் நிற்கிறது. கிழமை மட்டும் தவறாது. இதைத் தம்பிக்கு விளக்கிக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினேன். வெயிலுக்குக் கையால் மறைத்துக் குனிந்து படித்தான்.

"31 மே 2004. திங்கள்."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அப்பா இருந்தாரு, அண்ணே" என்றான். என்னிடமிருந்து கருவியை வாங்கித் திரும்பவும் கல்லின் மேல் வைத்தான்.